வீதியில் நின்ற சாட்சி



மக்களுக்குரிய உரிமைகள் யாவும் பெரியோர் கூடியிருந்து எழுதிய சாசனங்களிலிருந்தே பிறந்தவை என்று எண்ணுவது நம்மிற் பலருக்கு வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்துப் பிரபுக்கள் 1215ஆம் ஆண்டில் ஜோன் மன்னனிடமிருந்து பெற்ற மகாசாசனத்தையும், 1789ஆம் ஆண்டிற் பிரான்சிய தேசிய சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தையும் பாடசாலையிற் படித்து வளர்ந்த நமக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும், எந்தச் சாசனத்திலும் பெயர் குறிக்கப்படாமல், சாதாரண மனிதர் சிலர் வீதியோரத்தில் நின்று செய்த சிறு செயல்களிலிருந்து வளர்ந்த உரிமைகளும் உண்டு. அத்தகைய ஓர் உரிமையின் வரலாற்றையே இன்று ஆராய விரும்புகிறேன். பொது இடத்திலே கடமை புரியும் பொலிஸ் உத்தியோகத்தரைக் குடிமகன் ஒருவன் படம் பிடிக்கலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நீதிமன்றங்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கேள்விக்கு விடை தேடி வந்துள்ளன.

கேள்வி சிறிதாகத் தோன்றலாம். அதன் பயன் சிறிதன்று. வீதியிலே ஒருவன் கைதுசெய்யப்படுகிறான். கைதின்போது அடிக்கப்பட்டதாக முறையிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பின்னர் நீதிபதியின் முன் இரண்டு கூற்றுகள் வந்து நிற்கும். ஒன்று உத்தியோகத்தர் கையொப்பமிட்டு எழுதிய அறிக்கை. மற்றது கைதானவனுடைய வாய்ச்சொல். முன்னையதற்கு அரசாங்கத்தின் மதிப்பு உண்டு. பின்னையது தன்னைக் காத்துக்கொள்வதற்காகக் குற்றவாளி கட்டிய கதை என்று எளிதிலே தள்ளப்பட்டுவிடும். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் முன்னோர் சொன்னது இந்த நிலையை நன்கு அறிந்துதான். அந்தச் சொல்லை அம்பலத்தில் ஏற்றுவதற்குப் பக்கத்தில் நின்று பார்த்த மூன்றாம் மனிதன் ஒருவன் வேண்டும். அவனுடைய வாய்ச்சொல்லையும் மறுத்துவிடலாம். அவன் கையில் உள்ள படத்தை மறுப்பது அத்துணை எளிதன்று.

அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் 1791ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பேச்சுச் சுதந்திரத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் சட்டம் எதையும் நாட்டின் சட்டசபை இயற்றலாகாது என்பது அதன் சாரம். அதில் நிழற்படத்தைப் பற்றியோ பொலிசாரைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. நிழற்படக் கருவி அன்று உலகில் இல்லை. இன்று நாம் அறிந்த வகையிலான பொலிஸ் படையும் அன்று அந்நாட்டில் இருக்கவில்லை. எனவே இவ்வுரிமையை அத்திருத்தத்திலே காணவேண்டுமாயின், அதன் சொற்களோடு நோக்கத்தையும் ஆராய்தல் அவசியமாயிற்று.

அவ்வாராய்ச்சிக்குரிய வழியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் படிப்படியாக அமைத்தது. அரசாங்க விவகாரங்களைத் தடையின்றி விவாதிப்பதைக் காத்தலே திருத்தத்தின் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று என்று 1966ஆம் ஆண்டில் அது கூறியது. செய்தியைத் தேடிப் பெறுவதற்கு எவ்விதப் பாதுகாப்பும் இல்லையேற் பத்திரிகைச் சுதந்திரம் உள்ளீடற்றதாகிவிடும் என்பதை 1972ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. குற்றவியல் வழக்கு விசாரணைகளை நேரிற் சென்று காணும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்று 1980ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. பேசுவதற்கு விடயம் வேண்டும். விடயம் கிடைப்பதற்குக் காணும் உரிமை வேண்டும். இந்த நியாயத்தை ஏற்றுக்கொண்ட பின்னர், நீதிமன்ற மண்டபத்தில் இருந்து பார்ப்பவனுக்கு உள்ள உரிமை வீதியில் நின்று பார்ப்பவனுக்கும் உண்டா என்ற கேள்வி எழுவது தவிர்க்க முடியாததாயிற்று.

வீதியில் நின்றவர்கள் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. லொஸ் ஏஞ்செலெஸ் நகரின் வாற்ஸ் பகுதியில் 1965ஆம் ஆண்டிற் பெருங்கலவரம் மூண்டது. அதற்கு அடுத்த ஆண்டில் அப்பகுதிக் கறுப்பின மக்கள் சிலர் ஒரு சுற்றுக்காவல் அணியை அமைத்துப் பொலிஸ் வண்டிகளைப் பின்தொடர்ந்து சென்று, நடப்பவற்றைக் கவனித்துப் பதிந்து வரலாயினர். கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் 1990ஆம் ஆண்டில் இதே நோக்கத்துடன் ஒரு சங்கம் தோன்றியது. இவை சிறிய முயற்சிகள். பெரும்பான்மையான மக்கள் இவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

உலகமே கேள்விப்பட்ட சம்பவம் 1991ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி நள்ளிரவுக்குப் பின்னர் அதே லொஸ் ஏஞ்செலெஸ் நகரில் நடந்தது. றொட்னி கிங் என்னும் கறுப்பின மனிதரின் மோட்டார் வண்டியைப் பொலிசார் துரத்திப் பிடித்தனர். அவர் நிலத்தில் வீழ்ந்து கிடக்கையில் உத்தியோகத்தர் பலர் சூழ்ந்து நிற்க, சிலர் அவரைக் குண்டாந்தடிகளால் அடித்தனர். எதிரேயிருந்த மாடிக் குடியிருப்பில் வசித்த ஜோர்ஜ் ஹொலிடே என்பவர் ஆரவாரங் கேட்டு எழுந்து, தம்மிடமிருந்த வீடியோக் கருவியால் அக்காட்சியைப் பதிவுசெய்து, உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையமொன்றிற் கொடுத்தார். அவர் பத்திரிகையாளர் அல்லர். எந்தச் சங்கத்தையும் சேர்ந்தவருமல்லர். அவர் எடுத்த படம் சில நாட்களுள் உலகெங்கும் காட்டப்பட்டது.

இப்படம் இருந்தமையால் நீதி எளிதிற் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடலாகாது. உத்தியோகத்தர் நால்வர்மீது வழக்குத் தொடரப்பட்டது. விசாரணை நகருக்கு வெளியே சிமி வலி என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. எதிரிகளின் சட்டத்தரணிகள் அப்படத்தையே தமக்குரிய ஆயுதமாக்கினர். ஓடும் படத்தை நிறுத்தி நிறுத்தி, துண்டு துண்டாகக் காட்டி, ஒவ்வோர் அடிக்கும் பயிற்சி விதிகளிலிருந்து ஒரு நியாயம் கூறினர். கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெறாத ஜூரி சபை 1992ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆந் திகதி தன் முடிவைக் கூறியது. ஒருவர் மீதான ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரிமாரிடையே உடன்பாடு ஏற்படவில்லை. ஏனைய குற்றச்சாட்டுகள் யாவற்றிலிருந்தும் நால்வரும் விடுவிக்கப்பட்டனர். அன்று மாலை தொடங்கிய கலவரத்தில் 50க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் 1993ஆம் ஆண்டிற் சமஷ்டி அரசாங்கம் தொடுத்த வழக்கிலேதான் நால்வருள் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, 30 மாதச் சிறைத்தண்டனை பெற்றனர்.

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. படம் தீர்ப்பு ஆகாது. விசாரணைக்கு வேண்டிய பொருள் ஆகும். ஆனால் அப்பொருள் இல்லாதவிடத்துத் தீர விசாரிப்பது எங்ஙனம்? றொட்னி கிங்கின் வழக்கு முதலில் தவறிய போதிலும் இரண்டாம் முறை விசாரிக்கப்பட்டது என்றால், மறைந்து போகாத ஒரு சான்று இருந்தமையே அதற்குப் பெருங்காரணம்.

இதற்குப் பின்னர் நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல இவ்வுரிமையை ஏற்கத் தலைப்பட்டன. சியாற்றில் நகரில் ஓர் ஆர்ப்பாட்ட ஊர்வலத்தையும் அங்கிருந்த பொலிசாரையும் படம் பிடித்த ஒருவரின் வழக்கிலே, பொதுநலன் சார்ந்த விடயங்களைப் படம் பிடிக்கும் உரிமையை ஒன்பதாவது வட்டாரச் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 1995ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2000ஆம் ஆண்டிற் பதினோராவது வட்டார நீதிமன்றம், பொலிசாரின் செயல்களைப் படம் பிடிக்கும் உரிமை உண்டு என்றும், காலம், இடம், முறை ஆகியவை பற்றிய நியாயமான கட்டுப்பாடுகளுக்கு அது அடங்கும் என்றும் கூறியது.

இவ்வுரிமையின் பாதையிற் குறுக்கே கிடந்த கல் வேறொரு வகைச் சட்டமாகும். மசாசூசெற்ஸ் மாநிலம் ஒட்டுக்கேட்டலைத் தடுப்பதற்கு 1968ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. புதிய மின்சாரக் கருவிகள் தனிமனிதரின் அந்தரங்கப் பேச்சைக் களவாடும் என்ற அச்சத்தாலே, ஒருவர் அறியாமல் அவருடைய பேச்சை ஒலிப்பதிவு செய்தல் குற்றமென அது விதித்தது. குடிமக்களைக் காப்பதற்கென ஏற்பட்ட இச்சட்டம் நாளடைவிற் குடிமகனுக்கு எதிராகவே திரும்பியது. அம்மாநிலத்தில் 1998ஆம் ஆண்டில் ஒருவர் தமது வண்டியைப் பொலிசார் மறித்து விசாரித்தபோது நிகழ்ந்த உரையாடலை இரகசியமாக ஒலிப்பதிவு செய்தார். தாம் நடத்தப்பட்ட முறையைப் பற்றி முறையிடுவதற்கு அந்நாடாவைத் தாமே பொலிஸ் நிலையத்திற்குக் கொண்டு சென்றார். முறைப்பாடு கொண்டு வந்தவர்மீதே வழக்குத் தொடரப்பட்டது. மாநில உயர் நீதிமன்றம் 2001ஆம் ஆண்டில் அவருக்கு எதிரான தீர்ப்பை உறுதி செய்தது. ஆயினும் பிரதம நீதியரசர் மார்கரெற் மார்ஷல் அத்தீர்ப்புக்கு உடன்படவில்லை. றொட்னி கிங் தாக்கப்பட்டதைப் பதிந்த ஹொலிடே இம்மாநிலத்தில் இருந்திருந்தால், அநீதியை வெளிப்படுத்தியவர் என்று போற்றப்படுவதற்குப் பதிலாகக் குற்றக்கூண்டில் நிற்க நேர்ந்திருக்கும் என்னும் கருத்தைத் தமது மறுப்புரையில் அவர் பதிந்து வைத்தார். நீதிமன்றங்களின் வரலாற்றிலே மறுப்புரைகள் அன்று தோற்றுப் பிற்காலத்தின் கண்ணைத் திறப்பதுண்டு.

இக்கல்லை அகற்றிய வழக்கு அதே மாநிலத்திலேயே எழுந்தது. பொஸ்ரன் நகரின் நடுவே பொஸ்ரன் கொமன் என்னும் பழம் பெரும் பூங்கா உண்டு. 2007ஆம் ஆண்டு ஒக்ரோபர் 1ஆந் திகதி மாலை, சைமன் கிளிக் என்னும் இளம் சட்டத்தரணி அதன் அருகே நடந்து செல்கையில், மூன்று உத்தியோகத்தர் ஓர் இளைஞனைப் பிடித்து அடக்குவதைக் கண்டார். அவனுக்கு நோகிறது, நிறுத்துங்கள் என்று யாரோ கூறும் குரல் அவர் காதில் விழுந்தது. ஏறத்தாழ 10 அடி தூரத்தில் நின்று தமது கைத்தொலைபேசியால் அக்காட்சியைப் பதிவு செய்யத் தொடங்கினார். கைது முடிந்ததும் உத்தியோகத்தர் ஒருவர் அவரை நோக்கி, போதிய படம் எடுத்துவிட்டீர் என்றார். கிளிக், தாம் பதிவு செய்வதாகவும், அவர்கள் இளைஞனைக் குத்தியதைக் கண்டதாகவும் மறுமொழி கூறினார். ஒலியும் பதிவாகிறதா என்று வினவப்பட்டது. ஆம் என்றார். உடனே அவர் கைகளில் விலங்கு மாட்டப்பட்டது.

அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் மூன்று: ஒட்டுக்கேட்டற் சட்டத்தை மீறியமை, அமைதியைக் குலைத்தமை, கைதி தப்பியோட உதவியமை. கடைசிக் குற்றச்சாட்டை வழக்குத் தொடுத்தோரே கைவிட்டனர். மற்ற இரண்டையும் பொஸ்ரன் நகர நீதிமன்றம் 2008ஆம் ஆண்டு பெப்ருவரியிலே தள்ளுபடி செய்தது. தம்மைப் படம் பிடித்தது உத்தியோகத்தருக்குப் பிடிக்கவில்லை என்பதனாற் சட்டபூர்வமான ஒரு செயல் குற்றமாகிவிடாது என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து. வேறொருவராயின் இவ்வளவோடு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பார். கிளிக் அவ்வாறு செய்யவில்லை. தாம் பொலிஸ் திணைக்களத்துக்குச் செய்த முறைப்பாடு விசாரிக்கப்படாமற் கிடக்கவே, 2010ஆம் ஆண்டில் உத்தியோகத்தர்மீதும் நகர நிருவாகத்தின்மீதும் சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

முதலாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆந் திகதி ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதியரசர் கேர்மிற் லிப்பெஸ் எழுதிய அத்தீர்ப்பின் நியாயங்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. அரசாங்க உத்தியோகத்தர் பொது இடத்திற் கடமை புரிவதைப் பற்றிய செய்தியைத் திரட்டுதல் முதலாவது திருத்தத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டது; கைதுசெய்யும் அதிகாரம் பெரிதாகையாற் பொலிசார் விடயத்தில் இது மேலும் முக்கியமானது. இவ்வுரிமை பத்திரிகையாளருக்கு மட்டும் உரியதன்று. கையிலே கருவியுள்ள எந்தக் குடிமகனும் இன்று செய்தியைத் திரட்டக்கூடியவனாக இருக்கிறான். கண்முன்னே வெளிப்படையாக நீட்டிய கைத்தொலைபேசியாற் செய்த பதிவை இரகசியப் பதிவு என்று கொள்ள இடமில்லை. ஆகவே கைதுக்கும் நியாயமான காரணம் இருக்கவில்லை. இவ்வளவும் கூறிய நீதிமன்றம், இவ்வுரிமை ஏற்கனவே தெளிவாக நிலைபெற்றதென்றும், எனவே உத்தியோகத்தர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாதென்றும் முடிவு செய்தது. அடுத்த ஆண்டிற் பொஸ்ரன் நகரம் 170,000 டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

அதன்பின் பிற வட்டாரங்களும் இவ்வழியிற் சென்றன. இலினோய் மாநிலத்தின் ஒட்டுக்கேட்டற் சட்டம் மிகக் கடுமையானது; பொலிசாரின் பேச்சைப் பதிவுசெய்தவருக்கு 15 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளித்தது. வெளிப்படையாகப் பதிவு செய்வோர்மீது அதைப் பிரயோகிப்பதை 2012ஆம் ஆண்டில் ஏழாவது வட்டார நீதிமன்றம் தடுத்தது. 2014ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றமே அச்சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானதெனக் கூறிற்று.

பிலடெல்பியாவில் எழுந்த வழக்கு ஒரு நுண்ணிய கேள்வியைக் கிளப்பியது. பொலிஸ் அணியொன்றைத் தெருவில் நின்று படம் எடுத்த பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கைது செய்யப்பட்டார். எடுக்கும் நேரத்திற் பொலிசாரைக் கண்டிக்கும் கருத்து எதையும் அவர் வெளியிடவில்லை. ஆகவே அது பேச்சு ஆகாது என்றது கீழ் நீதிமன்றம். இதை மூன்றாவது வட்டார நீதிமன்றம் 2017ஆம் ஆண்டில் மறுத்தது. படத்தின் பொருள் எடுத்த கணத்திலே தெரியாமல் இருக்கலாம், பின்னரே தெரியவரலாம். பார்ப்பவன் குறைகூறும் எண்ணத்துடன் பார்க்கவேண்டுமென்பதில்லை. பார்ப்பதற்கே அவனுக்கு உரிமை உண்டு. இன்று, நிலப்பரப்பு வாரியாக அமைந்த 12 வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றங்களுள் அரைவாசிக்கு மேற்பட்டவை இவ்வுரிமையை ஏற்றுள்ளன. உச்ச நீதிமன்றம் இக்கேள்விக்கு இன்னும் நேரடியாகத் தீர்ப்பு வழங்கவில்லை.

உரிமை உண்டு என்று கூறிய தீர்ப்புகள் யாவும் உரிமை இழந்தவனுக்குப் பரிகாரம் வழங்கின என்று சொல்வதற்கில்லை. அமெரிக்கச் சட்டத்தில் அரசாங்க உத்தியோகத்தருக்கு வரையறுக்கப்பட்ட விடுபாட்டுரிமை என்று ஒன்று உண்டு. மீறப்பட்ட உரிமை சம்பவம் நடந்த நாளிலே தெளிவாக நிலைபெற்றிருந்தாலன்றி, உத்தியோகத்தர் நட்டஈடு செலுத்தவேண்டியதில்லை என்பது அதன் விதி. மேற்கூறிய பிலடெல்பியா வழக்கிலும் உரிமை வென்றது; உத்தியோகத்தர்களோ அவ்விதியினால் விடுபட்டனர்.

இதன் விபரீதம் டென்வர் நகர வழக்கிலே வெளிப்பட்டது. அந்நகரப் பொலிசார் தம் உத்தியோகத்தருக்குப் பொதுமக்கள் படம் பிடிக்கலாம் என்று பல ஆண்டுகளாகப் பயிற்சியிற் கற்பித்து வந்தனர். அவ்வாறிருந்தும் 2014ஆம் ஆண்டில் ஒரு கைதைப் பதிவுசெய்தவரின் கருவி அவர் விருப்பத்துக்கு மாறாக ஆராயப்பட்டதாக வழக்கு எழுந்தது. தமது பயிற்சியில் உத்தியோகத்தர் எதைக் கற்றார் என்பது பொருட்டன்று. நீதிமன்றத் தீர்ப்புகளில் அவ்வுரிமை அன்று தெளிவாக இருக்கவில்லை என்று கூறிப் பத்தாவது வட்டார நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் அவர்களை விடுவித்தது. அடுத்த ஆண்டு வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் இவ்வுரிமையை உறுதியாக ஏற்றுக்கொண்டது. முன் சென்றவன் இழந்தான். பின் வந்தவன் பெற்றான். உரிமைகளின் வரலாற்றில் இக்கொடுமை புதிதன்று.

இவ்வாறு ஏட்டிலே வாதிக்கப்பட்டுவந்த உரிமையின் விலை இன்னதென்று 2020ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி உலகம் கண்டது. மினியாப்பொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் என்னும் கறுப்பின மனிதர் கைவிலங்குடன் நிலத்திலே கிடக்க, டெரெக் சோவின் என்னும் உத்தியோகத்தர் 9 நிமிடத்துக்கு மேலாக அவர் கழுத்தில் முழங்காலை ஊன்றியிருந்தார். அம்மனிதர் இறந்தார். கைதின்போது ஒருவர் உடல்நலக் குறைவுற்று மரணமடைந்தார் என்ற பொருள்படவே பொலிசாரின் முதல் அறிக்கை வெளிவந்தது. கழுத்தில் ஊன்றிய முழங்காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவ்வறிக்கையே வரலாறாகி இருக்கக்கூடும். ஆனால் கடைக்கு வந்த 17 வயதுப் பெண் ஒருத்தி நடைபாதையில் நின்று, தன் கைத்தொலைபேசியால் அனைத்தையும் பதிந்திருந்தாள். ஜூரிமார் அப்படத்தைப் பார்த்தனர். அதனோடு அங்கு நின்றவர்களின் சாட்சியத்தையும் மருத்துவரின் விளக்கத்தையும், நகரப் பொலிஸ் தலைவரின் சாட்சியத்தையுங் கூடக் கேட்டனர். 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆந் திகதி சோவின் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டார். அவருக்கு இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டிலே புலிற்சர் பரிசுக் குழு அப்பெண்ணுக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. கண்டது, கேட்டது, தீர விசாரித்தது என்ற மூன்றும் இவ்வழக்கில் ஒன்றுகூடின.

இவ்வுரிமைக்கு எல்லை இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. படம் பிடிப்பவன் உத்தியோகத்தரின் கடமைக்கு இடையூறு செய்யலாகாது. ஆபத்துள்ள இடத்திலிருந்து விலகுமாறு நியாயமாகக் கட்டளையிடப்பட்டால் விலகவேண்டும். தான் நிற்பதற்குச் சட்டப்படி உரிமையுள்ள இடத்திலேயே நிற்கவேண்டும். மறுபுறம், கைதானவரின் கைத்தொலைபேசியைச் சோதிக்க வேண்டுமாயிற் பொதுவாக நீதிமன்றத்தின் தேடுதல் ஆணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டில் ஒருமனதாக விதித்தது. எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்ற போராட்டம் இன்னும் ஓயவில்லை. பொலிசாரிடமிருந்து 8 அடிக்குள் நின்று படம் பிடித்தலைக் குற்றமாக்கி அரிசோனா மாநிலம் 2022ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கு வருமுன்னரே சமஷ்டி நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது.

நேர்மையான உத்தியோகத்தருக்கு இவ்வுரிமை பகையன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தவறு செய்தவரின் அறிக்கையைப் பொய்யாக்கும் அதே படம், கடமையை முறையாகச் செய்தவர்மீது சுமத்தப்படும் வீண்பழியையும் துடைக்க வல்லது. வெளிச்சம் இருபக்கத்தையும் காட்டும்.

ஹொலிடேயும், பொஸ்ரன் சட்டத்தரணியும், மினியாப்பொலிசின் இளம் பெண்ணும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கருவியைக் கையில் எடுத்தவர்கள் அல்லர். கண்முன்னே ஒரு மனிதன் துன்புறக் கண்டனர். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. அவர்கள் செய்தது அவ்வளவே. சட்டம் பின்னால் வந்து அவர்கள் நின்ற இடத்தை அளந்து, நிற்பதற்கு உரிமை உண்டு என்று எழுதியது. அரசியலமைப்பின் ஏடுகளில் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருப்பினும், அயலவனுக்கு நேர்வதை நின்று பார்க்கும் துணிவு மக்களிடத்து இல்லையேல் அவ்வெழுத்து உயிர் பெறாது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.